சூட்டில் தோன்றும் பழுதும் காரணம் கூறும் அறமும்

ஒரு பொருளிலோ ஓர் உயிரிலோ தோன்றும் குறைக்கு இன்னதுதான் காரணம் என்று எடுத்துரைக்கும் உரிமை ஒருவருக்கு எப்பொழுது உண்டாகின்றது? மெய்யியலாளர் இவ்வினாவைப் பெரும்பாலும் அறிவின் எல்லை பற்றிய வினாவாகவே கொண்டு ஆராய்ந்து வந்துள்ளனர். ஆயினும் காரணம் கூறுதல் ஒரு செயலுமாகும். அச்செயலின் விளைவு கூறியவரைச் சேர்வதிலும் பார்க்க, கேட்டு நம்பியவரையே பெரிதும் சேர்கின்றது. வைத்தியர் கூறிய காரணத்தை நம்பி நோயாளி மருந்துண்கின்றார். நீதிபதி துணிந்த காரணத்தால் ஒருவர் சிறை செல்கின்றார். பொறி திருத்துநர் கூறிய காரணத்தை நம்பி வண்டியின் உரிமையாளர் தம் மாத வருவாயைச் செலவிடுகின்றார். ஆகவே இவ்வினா அளவையியலுக்கு உரியதாயிருப்பது போலவே அறவியலுக்கும் உரியதாகின்றது. இதனை ஆராய்வதற்குப் பெரிய எடுத்துக்காட்டுகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. பதுளை போன்ற மலைநகர் ஒன்றின் கராஜில், குளிர்ந்திருக்கும்போது செவ்வனே இயங்கிச் சூடேறியபின் மட்டும் தடுமாறும் பழைய காற்றுக்குளிர் எஞ்சின் ஒன்று இதற்குப் போதுமானதாகும்.

காற்றினாற் குளிரும் எஞ்சின்களுள் உலகெங்கும் நன்கறியப்பட்டது வொக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் எஞ்சினாகும். 2003 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மெக்சிக்கோ நாட்டின் புவேப்லா நகரத் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இலங்கையில் அவை இன்றும் ஓடுகின்றன. புதிய வாகனங்களின் இறக்குமதி 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்தது. இத்தகைய நாட்டிலே பழைய வண்டியைத் திருத்திப் பயன்படுத்துதல் சிலருக்கு விருப்பமாயினும் பலருக்குத் தேவையேயாகும். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ உள்ள தோட்டமொன்றிலிருந்து இரவு வேளையில் நோயாளி ஒருவரைப் பதுளை மருத்துவமனைக்குக் கொண்டுவர நேரும்போது, கிடைக்கும் வண்டி பழையதா புதியதா என்று எவரும் கேட்பதில்லை. அது வழியில் நிற்காமல் வந்து சேருமா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை, அவ்வண்டியைக் கடைசியாகப் பார்த்தவர் தாம் கண்டதைக் குறித்து எவ்வளவு நேர்மையாயிருந்தார் என்பதிலே தங்கியுள்ளது.

இவ்வெஞ்சினின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வண்டியின் பின்புறத்தில், இருமருங்கும் இரண்டிரண்டாகப் படுத்த நிலையில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. தண்ணீர் இல்லை, றேடியேற்றர் இல்லை. டைனமோவின் தண்டிலே பொருத்தப்பட்ட விசிறி, பெல்ட்டினாற் சுழற்றப்பட்டு, தகட்டு உறைகளின் வழியே காற்றைச் சிலிண்டர்களின் செதில்கள்மீது செலுத்துகின்றது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் விசிறியும் வேகமாகச் சுழலும். மெல்லச் சுழன்றால் காற்றும் குறையும். ஏற்றத்திலே உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஓட்டினால், சுமை மிகுந்த அவ்வேளையிலேயே காற்றுக் குறைந்து சூடு மிகும். பழைய வகைகளில் எண்ணெய் குளிர்த்தும் பகுதி காற்றுப்பாதையின் உள்ளேயே நின்றமையால், மூன்றாம் இலக்கச் சிலிண்டர் ஏனையவற்றினும் கூடுதலாகச் சூடேறியது. 1970களின் தொடக்கத்திற் செய்யப்பட்ட மாற்றத்தினால் அக்குறை பெரிதும் தணிந்தது.

ஊவாவின் நிலவமைப்பு இவ்வெஞ்சினுக்கு ஓர் ஓயாத சோதனையாகும். வெல்லவாயச் சமவெளியிலிருந்து எல்லவுக்கு ஏறும் பாதை கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்துக்கு மேற் செல்கின்றது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல் உயர்ந்தது. பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்தது. அப்புத்தளையில் வளியின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதிலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிற் செம்மையாகப் பொருத்தப்பட்ட காபரேற்றர் அங்கே பெற்றோலை வளியின் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கும். அமுக்கம் குறையும்போது பெற்றோல் இன்னும் எளிதாக ஆவியாகும். ஆகவே ஓரிடத்திற் குறையற்றதாக இருந்த வண்டி மற்றோரிடத்திற் குறையுடையதாகத் தோன்றுதல் இம்மலைநாட்டில் வியப்பன்று.

இனி, சூடேறியபின் எஞ்சின் தடுமாறுவதற்குரிய காரணங்களை எண்ணிப் பார்ப்போம். கொயில் எனப்படும் மின்சுருளின் உட்காப்பு சூட்டில் நெகிழ்ந்து தீப்பொறி தளரலாம். கண்டென்சர் சூட்டிற் பழுதாகிப் பொயின்ற் முனைகள் கருகலாம். 0.4 மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டிய பொயின்ற் இடைவெளி தேய்மானத்தாற் குறைந்திருக்கலாம். உள்ளிழுக்கும் குழாயின் பொருத்துக்கள் சூட்டில் விரிந்து வெளிக்காற்றை உள்ளே விடலாம். சூடேறியதும் திறக்கவேண்டிய தானியங்கிச் சோக் திறவாமலிருக்கலாம். பெற்றோல் குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்துக்கொள்ளலாம். தகட்டு உறையொன்று கழன்றோ, செதில்களுக்கிடையே எண்ணெயும் தூசியும் படிந்தோ, பெல்ட் தளர்ந்தோ காற்றோட்டம் குன்றியிருக்கலாம். வெளியேற்று வால்வொன்று முற்றாக மூடாமல் அமுக்கம் கசியலாம். காரணங்கள் பல; வெளிப்படும் குறியோ ஒன்றேயாகும். இதுவே இவ்வாராய்ச்சியின் முதல் இடர்ப்பாடு.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் பெரிது. வண்டி கராஜை வந்தடையும் வேளையிற் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும். திருத்துநர் இயக்கிப் பார்க்கின்றார். எஞ்சின் சீராக ஓடுகின்றது. "ஒன்றும் இல்லையே" என்கின்றார். இச்சொல் பொய்யன்று. அவர் கண்டதையே கூறினார். ஆனால் எந்த நிலையிற் குறை தோன்றுமோ அந்த நிலையில் அவர் காணவில்லை. அந்நிலைமைக்குப் புறத்தே நின்று "குறை இல்லை" எனத் துணிவது, பகலில் விண்ணை நோக்கி விண்மீன் இல்லை என்பதை ஒக்கும்.

இங்கே நம் முன்னோர் வகுத்த அளவைகள் நமக்குத் துணைபுரிகின்றன. சைவசித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்ளும். மூன்றுக்கும் கராஜில் இடமுண்டு. சாரதி கூறுவது உரை. அதனை எவ்வாறு ஏற்பது? அவர் கூற்றிலே கண்டதும் கருதியதும் கலந்திருக்கும். "கொயில் போய்விட்டது" என்பது அவருடைய கருதல். "வெல்லவாயவிலிருந்து ஏறும்போது இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் இழுவை குறைகின்றது, பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடுகின்றது, இறக்கத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை" என்பது அவருடைய காண்டல். திறமையற்ற திருத்துநர் முன்னதை நம்பிக் கொயிலை மாற்றுவார், அல்லது இரண்டையும் ஒருசேரப் புறக்கணிப்பார். தேர்ந்தவர் முன்னதை ஒதுக்கிவைத்துப் பின்னதைக் கவனமாகக் கேட்பார். எந்த ஏற்றம், எந்தக் கியர், எத்தனை பேர் ஏறியிருந்தனர், நிற்பதற்கு முன் உலுக்கிற்றா, திடீரென நின்றதா, பெற்றோல் மணம் வந்ததா என்று வினவுவார். கேட்பதும் ஓர் ஒழுக்கமாகும். பிறர் கண்டதற்கு மதிப்பளிக்கும் ஒழுக்கம் அது.

அடுத்தது கருதல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுதல் இந்திய அளவையியலின் நெடுநாளைய எடுத்துக்காட்டாகும். மணிமேகலையின் 29 ஆவது காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை விளக்கும்போது, சித்தாசித்தம் என்னும் வகையையும் கூறுகின்றார். காண்பது ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராதிருக்கவே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் அக்குற்றத்துக்கு எடுத்துக்காட்டாகும். அப்புத்தளைப் பனிமூட்டத்தைக் கண்டவர்க்கு இவ்வெடுத்துக்காட்டு மிக எளிதில் விளங்கும். காலையிற் பள்ளத்தாக்கிலிருந்து எழுவது பனியா, லயத்து அடுப்பின் புகையா என்று தொலைவில் நிற்பவரால் உறுதியாகக் கூற இயலாது. ஏது ஐயத்துக்குரியதாயின் அதன்மேற் கட்டப்பட்ட முடிபும் ஐயத்துக்குரியதே.

மலைப்பாதையில் நின்றுவிட்ட வண்டியின் அருகே இக்குற்றம் அடிக்கடி நிகழ்கின்றது. சாரதி ஈரத்துணியைப் பெற்றோல் பம்பின்மேற் போடுகின்றார். பத்து நிமிடம் கழித்து வண்டி ஓடுகின்றது. "பம்பில் ஆவி அடைத்தது" என்ற முடிபு உறுதியாகிவிடுகின்றது. மற்றொருவர் கொயிலின்மேல் ஈரத்துணியைப் போடுகின்றார். அவருடைய வண்டியும் பத்து நிமிடத்தில் ஓடுகின்றது. "கொயிற் பழுது" என அவரும் துணிகின்றார். அப்பத்து நிமிடத்திலே குளிர்ந்தது துணி பட்ட உறுப்பு மட்டும் அன்று. வால்வுகளும் குழாய்களும் கண்டென்சரும் எண்ணெயும் யாவும் குளிர்ந்தன. துணி செய்ததையும் காலம் செய்ததையும் பிரித்தறியாமல் துணிக்கே புகழைக் கொடுத்துவிட்டோம். எதனையும் நனைக்காமல் அதே அளவு நேரம் காத்திருந்து பார்த்தவர் எத்தனை பேர்?

உண்மையான ஆராய்ச்சி குறை நிகழும் அக்கணத்திலேயே தொடங்கவேண்டும். எஞ்சின் சூடாயிருந்து தடுமாறும்போது, காப்புள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எதனைக் கழற்றியும் ஓட்டத்தில் வேறுபாடு தோன்றவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. நான்கும் ஒருங்கே தளர்கின்றனவாயின், குறை நான்குக்கும் பொதுவான உறுப்பில் இருக்கவேண்டும். எஞ்சின் நின்றுவிட்டதாயின், உடன் கொண்டுசென்ற நல்ல பிளக்கொன்றை வயரில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்துச் சுழற்றிப் பார்த்தால் தீப்பொறியின் வலு தெரியும். சோதிக்குமிடத்திற் பெற்றோல் கசிவு இல்லையென்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளவேண்டும். தீப்பொறி நன்றாயின், காபரேற்றரின் வாயை நோக்கியவாறு அக்சிலறேற்றர் நெம்பைக் கையால் இழுக்கவேண்டும். பெற்றோல் பீறிட்டால் அது வந்து சேர்கின்றது, பீறிடாவிடின் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் வினா பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

சூட்டிற் காணவேண்டியவை இவ்வாறிருக்க, குளிரிற் காணவேண்டியனவும் உண்டு. வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றாகக் குளிர்ந்தபின்னரே அளக்கவேண்டும். பிந்திய வகைகளில் அது 0.15 மில்லிமீற்றர். இவ்விடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை எழும். உரிமையாளர் அஞ்சி ஓடி வருவார். குறைந்தாலோ ஓசை எழாது. எஞ்சின் முன்னிலும் அமைதியாக ஓடுவதாகத் தோன்றும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முற்றாகப் படியாமல், எரிவளி கசிந்து, அதன் விளிம்பு மெல்ல மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். ஆகவே முறையீடு இல்லாத இடத்திற் குறையும் இல்லையெனக் கொள்ளலாகாது என்பதையும் இவ்வெஞ்சின் நமக்கு உணர்த்துகின்றது.

காரணம் ஒன்றை ஐயுற்றபின் அதனை நிறுவுவது எவ்வாறு? ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1843 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவையியல் நூலில் வேற்றுமை முறை என ஒன்றை வகுத்தார். மற்றெல்லாம் மாறாதிருக்க, ஒன்று மட்டும் நீங்கியபோது விளைவும் நீங்குமாயின், அவ்வொன்று காரணமாகவோ காரணத்தின் பகுதியாகவோ இருக்கும் என்பது அதன் சாரம். நம் அளவையியலார் அன்னுவயம், வெதிரேகம் எனக் கூறியனவும் இதனோடு உறவுடையன. கராஜில் இதன் பொருள் யாது? ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக; மாற்றியபின் அதே ஏற்றத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பார்க்க. குறை தோன்றவில்லையாயின், கழற்றிய பழைய உறுப்பை மீண்டும் பொருத்தி ஓட்டுக. குறை மீண்டும் வந்தால்தான் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாகும். இவ்வாறு குறையை மீள வரவழைத்துப் பார்ப்பதற்கு மனத்துணிவு வேண்டும். வெற்றியடைந்துவிட்டதாகத் தோன்றும் வேளையிலே அவ்வெற்றியைத் தானே ஐயுறுகின்ற துணிவு அது.

இதற்கு மாறாக, ஒரே நாளிற் கொயில், கண்டென்சர், பொயின்ற், பிளக் ஆகிய யாவற்றையும் மாற்றி வண்டியைக் கொடுத்தால் அது ஓடக்கூடும். ஆனால் எது காரணம் என்பது எவருக்கும் தெரியாது. கழற்றி எறியப்பட்ட நான்கில் மூன்று நல்லனவாக இருந்திருக்கலாம். அம்மூன்றின் விலையை உரிமையாளர் கொடுத்தார். மேலும் குறை தற்செயலாகவே மறைந்திருந்தால், அது மீண்டும் தோன்றும் இடம் கராஜின் வாசலாக இராது. பெரகலை வளைவாகவோ பசறை வீதியாகவோ இருக்கும்.

இங்கே தடை ஒன்று எழுப்பப்படலாம். திருத்துநர் ஆராய்ச்சியாளர் அல்லர். நாளொன்றுக்குப் பல வண்டிகளைப் பார்த்து வயிறு வளர்க்கவேண்டியவர். எல்லவுக்கு இருமுறை ஏறி இறங்கும் பெற்றோலுக்கு யார் பணம் கொடுப்பது? உரிமையாளரும் அறிவைத் தேடி வரவில்லை. வண்டி ஓடினாற் போதும் என்றே வந்தார். இத்தடை வலுவுள்ளது, எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அவசர வேளையில் நோயாளி காத்திருக்க, நான்கு உறுப்புக்களையும் ஒருங்கே மாற்றி வண்டியை அனுப்புவதே அறமாகும். அங்கே ஒவ்வொன்றாகச் சோதித்து நிற்பது அறிவின் ஆணவமாய் முடியும்.

ஆனால் இத்தடை ஒன்றை மட்டும் நியாயப்படுத்துவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுவதற்கு அது இடமளிப்பதில்லை. "நான்கையும் மாற்றினேன், ஓடுகின்றது, எது காரணம் என்று எனக்குத் தெரியாது, மீண்டும் வரக்கூடும், பழையவற்றை இப்பையில் வைத்திருக்கின்றேன், எறிந்துவிடாதீர்கள்" என்று சொல்லப் பணமோ நேரமோ தேவையில்லை. அச்சொல்லைக் கேட்டவர் அடுத்தமுறை இரவுப் பயணம் ஒன்றை ஏற்குமுன் சிந்திப்பார். "கொயில்தான், இனி அச்சமில்லை" என்று கேட்டவர் சிந்திக்கமாட்டார். இரண்டு திருத்துநரும் செய்த வேலை ஒன்றே. இருவருடைய அறிவும் ஒரே அளவினதே. ஆயினும் முன்னவர் தம்மை நம்பியவருக்கு உண்மையான நிலையைக் கொடுத்தார். பின்னவர் அவரிடமிருந்து எச்சரிக்கையைப் பறித்தார். அறியாமை குற்றமன்று. அறியாமையை அறிவின் குரலில் உரைத்தலே குற்றமாகும். அதனைப் பெரும்பாலார் வஞ்சிக்கும் எண்ணத்தோடு செய்வதில்லை. வாடிக்கையாளர் உறுதியான சொல்லையே விரும்புகின்றார். "தெரியாது" என்பவரை விட்டு "தெரியும்" என்பவரிடம் செல்கின்றார். ஆகவே இக்குற்றத்திற் கேட்பவருக்கும் பங்குண்டு. நேர்மையான ஐயத்துக்குக் கூலி கொடுக்க மறுக்கும் சமூகம் பொய்யான உறுதிக்குக் கூலி கொடுத்தே தீரும்.

இவ்வறம் எஞ்சினோடு நின்றுவிடுவதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் முதலையும் அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து பிழையாது செய்யுமாறு பணிக்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி நண்பகல் வெயிலில், நிறைந்த கூடையோடு சரிவான மலையில் ஏறும்போது நெஞ்சு இறுகித் தலை சுற்றுகின்றாள் என வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து, மருந்துச்சாலைக்கு வந்து, வாங்கில் அமர்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கின்றாள். முறை வரும்போது நாடி சீராகிவிட்டது. "ஒன்றும் இல்லை" என்று கூறி அனுப்பப்படுகின்றாள். சில வேளைகளில் "வேலைக்குக் கள்ளம்" என்ற பழியும் சேர்கின்றது. குளிர்ந்தபின் சோதிக்கப்பட்ட எஞ்சினுக்கும் இளைப்பாறியபின் சோதிக்கப்பட்ட அப்பெண்ணுக்கும் நிகழ்ந்த அநீதி ஒரே வகையினது. இதனை மருத்துவம் நன்கு அறிந்துள்ளது. நோயாளியை ஓடும் பட்டியின்மேல் நடக்கவைத்து இதயத் துடிப்பைப் பதிவதும், இருபத்துநான்கு மணிநேரம் பதிவுக்கருவியை உடலோடு பொருத்தி அனுப்புவதும், குறை தோன்றும் நிலையிலேயே குறையைக் காணவேண்டும் என்ற நெறியினால் எழுந்தவையாகும். அக்கருவிகள் இல்லாத இடத்திலும் அந்நெறி செல்லும். "மலையில் ஏறும்போது எப்படி இருந்தது?" என்று கேட்பதற்குக் கருவி வேண்டியதில்லை.

எஞ்சினுக்கு வாயில்லை, சாரதி அதற்காகப் பேசுகின்றார். அப்பெண்ணுக்கு வாயுண்டு, ஆயினும் அவள் சொல்லுக்குள்ள மதிப்பு சாரதியின் சொல்லுக்குள்ள மதிப்பிலும் குறைவாகவே பல இடங்களிற் கொள்ளப்பட்டது. ஒருவர் தம் துன்பத்தின் காரணத்தை அறியாதிருக்கலாம். அத்துன்பம் எங்கே, எப்பொழுது, எதைச் செய்யும்போது வருகின்றது என்பதை அவரைவிட நன்கறிந்தார் வேறெவரும் இலர். அவருடைய கருதலை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவருடைய காண்டலை மறுக்கும் உரிமை நமக்கில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். காரணம் இன்னதென உரைக்கும் உரிமை மூன்று கடமைகளை நிறைவேற்றியவர்க்கே உண்டு. குறையுற்றவர் அல்லது அதனைக் கண்டவர் கூறியதைக் கேட்டல் முதலாவது. குறை தோன்றும் நிலைமைக்குத் தாமே சென்று காணுதல் இரண்டாவது. கருதிய காரணத்தை நீக்கியும் மீளச் சேர்த்தும் சோதித்தல் மூன்றாவது. இம்மூன்றுக்கும் வாய்ப்பில்லாத வேளைகள் வாழ்க்கையிற் பல. அவ்வேளைகளிலும் செயலாற்றத்தான் வேண்டும். செய்ததையும் செய்யாததையும் பிரித்து உரைத்தல் மட்டும் அப்போதும் எஞ்சிநிற்கும் கடமையாகும். ஒரு கராஜில் இதனைக் கடைப்பிடிக்கும் திருத்துநர், அளவையியல் நூலொன்றையும் திறந்து பாராதவராயினும், காண்டலையும் கருதலையும் உரையையும் அவற்றுக்குரிய இடத்தில் வைக்கத் தெரிந்தவராவார். அவர் கையொப்பமிட்டு அனுப்பும் வண்டியில் இரவு வேளையில் நோயாளியை ஏற்றிச் செல்பவர், குறைந்தது எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பதையாவது அறிந்து செல்வார்.